பஸ் போகாத கரை

சைக்கிள் கேள்வி–பதில்
பதில் சொல்பவர்: ஓய்வு பெற்ற சாலை ஆய்வாளர், தஞ்சாவூர்

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. தஞ்சாவூரில் வங்கி வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதால் கியர் சைக்கிள் வாங்கினேன். மூன்றாம் நாள் திருச்சி சாலையில் போகும்போது ஒரு பஸ் தோளை உரசாத குறையாகக் கடந்து போனது. காற்றிலேயே சைக்கிள் ஆடிவிட்டது. அன்றிலிருந்து அது வராண்டாவில் நிற்கிறது. மனைவி துணி உலர்த்துகிறாள். பயமில்லாமல் 40, 50 கி.மீ. ஓட்ட இங்கே வழி இருக்கிறதா?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: துணியை எடுத்துவிட்டு சைக்கிளை வெளியே கொண்டுவாருங்கள். நம் ஊரில் இருக்கிற அளவுக்கு வழி வேறெங்கும் இல்லை என்பேன். ஊர்ப்பெருமை பேசுகிறான் கிழவன் என்று நினைத்தாலும் சரி.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கி.மீ. அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு, ஐந்து பாலம். பஸ்ஸில் போகிறவருக்கு அது ஐந்து பாலம்தான். சைக்கிள்காரனுக்கு இருபது வழி. ஆற்றுக்கு இரண்டு கரை, கரைக்குக் கிழக்கு மேற்கு என்று இரண்டு திசை, பெருக்கிப் பாருங்கள். இருபதும் ஓட்ட லாயக்கானவை என்று சொல்லவில்லை. சில இடத்தில் வீடு ஏறிவிட்டது, சில இடத்தில் கருவேலம் ஏறிவிட்டது. ஆனாலும் பெரிய சாலையில் நீங்கள் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியது அடுத்த பாலம் வரைக்கும்தான்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் 31 வருஷம் இருந்தவன். சேர்ந்த புதிதில் சைக்கிளில் போய்த்தான் சாலை பார்ப்போம். போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்று ஒரு வேலை வரும். ஏழு நாள், இரவும் பகலும், முறை வைத்துச் சாலையோரம் உட்கார்ந்து போகிற வண்டியையெல்லாம் எண்ண வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. அந்தக் கணக்கில் கார் ஒன்று என்றால் சைக்கிள் அரை, லாரி மூன்று, மாட்டுவண்டி எட்டு. ஆமாம், எட்டு! அது அடைக்கிற இடத்தையும் நேரத்தையும் வைத்து யாரோ போட்ட கணக்கு. எங்கள் மேஸ்திரி, "அப்போ என் மாமனார் வீட்டில் பதினாறு கார் நிற்குதுன்னு சொல்லுங்க" என்பார்.

அப்படி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எண்ணியதில் எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. ஒரு சாலையில் வண்டி வருமா வராதா என்பதை அந்தச் சாலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதன் இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முனையில் அரிசி ஆலை, செங்கல் சூளை, மணல் குவாரி, பெரிய கல்லூரி, பெயர்பெற்ற கோயில் எது இருந்தாலும் சரி, பத்தடிச் சாலையிலும் வண்டி முட்டிக்கொண்டு வரும். முனையில் நாலு தெருவும் ஒரு களமும் மட்டும் இருந்தால் நல்ல தார்ச்சாலையில்கூட ஆடுதான் படுத்திருக்கும்.

ஆற்றுப் பாசன ஊர்களில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஆற்றின் ஒரு கரையில் பஸ் போகும், எதிர்க்கரையில் போகாது. கடை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் பஸ் போகிற கரையில் சேர்ந்துவிடும். நமக்கு வேண்டியது பஸ் போகாத கரை. அது எது என்று கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம், பயணிகள் நிழற்குடை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். நாம் அதற்கு எதிர்ப்பக்கம்.

உங்களுக்கு ஒரு சுற்று சொல்கிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கூட்டம் வருவதற்குள் திருவையாறு சாலையில் கண்டியூர் போய்விடுங்கள். அங்கே குடமுருட்டிக் கரையைப் பிடித்து மேற்கே திருப்பினால் திருக்காட்டுப்பள்ளி. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம் அது. டீ குடித்துவிட்டு, தெற்கே இறங்கி தென்பெரம்பூர் வாருங்கள். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிற தலைப்பு அங்கே இருக்கிறது. மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே பத்து நிமிஷம் உட்காரலாம். அங்கிருந்து வெண்ணாற்றங்கரையோடு கிழக்கே வந்தால் வீடு. கிட்டத்தட்ட 50 கி.மீ. வரும். போகும்போது மேற்கே பார்த்துப் போகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உதிக்கிற சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், பின்னால் வருகிறவன் கண் கூசாமல் உங்களைப் பார்ப்பான். கிழக்கே திரும்பும் நேரத்துக்கு வெயில் மேலே ஏறியிருக்கும். இருட்டில் கிளம்புவதால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

கரையில் எங்கே தார், எங்கே செம்மண் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் முதல் தடவை சைக்கிளில் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்கூட்டரில் உட்காரவைத்து இந்தச் சுற்றைச் சுற்றிவிட்டு வாருங்கள். சைக்கிள் மேல் அவருக்கும் கொஞ்சம் கோபம் குறையும்.

சின்னச் சாலையில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒற்றைத் தடச் சாலையின் அகலம் மூன்றே முக்கால் மீட்டர். பஸ்ஸோ லாரியோ இரண்டரை மீட்டர். மீதி ஒன்றேகால் மீட்டரில் உங்கள் ஹேண்டில்பாரே அரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு ஒட்டிப் போவதற்குப் பேசாமல் இறங்கி நின்று விடுங்கள். எதிரில் பெரிய வண்டி வந்தால் கால் ஊன்றி மண் ஓரத்தில் நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால் என்றால் இடம் இருக்கிற பக்கமாகப் பார்த்து முன்கூட்டியே ஒதுங்குங்கள்.

கேள்வி: செல்போன் மேப்பில் வழி போட்டால் எப்போதும் மெயின் ரோட்டுக்கே இழுத்துக்கொண்டு போகிறது. சின்னச் சாலைகளை எப்படிப் பார்ப்பது?
– கல்லூரி மாணவர், பாபநாசம்

பதில்: தம்பி, அது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் செய்யப்பட்டது. நீ சீக்கிரம் போக விரும்பவில்லை என்று அதற்குத் தெரியாது. வழி கேட்பதை விட்டுவிட்டு, செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார். ஆறு பச்சைக்கு நடுவில் பழுப்பாகத் தெரியும். கரையில் கறுப்புக் கோடாகப் போனால் தார், வெளிறிய கோடாக இருந்தால் மண். நீலத் தகரக் கூரை பெரிதாக ஒன்று தெரிந்து, பக்கத்தில் வெள்ளையாக அகலமான களம் இருந்தால் அரிசி ஆலையாக இருக்கும், அந்தச் சாலையில் லாரி உண்டு. ஆற்றுக்குள் வண்டித் தடம் கோடுகோடாக இறங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம்.

கூகுள் மேப்பில் இல்லாத வரப்பு வழிகூட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சில ஊர்களில் இருக்கும். அந்தந்த ஊர்ப் பையன்கள் வரைந்து வைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்.

இறங்கிப் போன பிறகு மேப்பை விட மைல்கல் பெரியது. மேலே மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரண்டையும் குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்து. ஆரஞ்சு அடித்திருந்தால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. 2000-ம் வருஷக் கடைசியில் தொடங்கிய திட்டம். ஆரஞ்சுக் கல்லைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வாய் தானாகப் பாட ஆரம்பித்துவிடும். ஒரு விஷயம், புதிதாக அகலப்படுத்திய சாலையை நம்பாதே. ஐந்தரை மீட்டராக ஆக்கிய மறு மாதமே அதில் வேகம் வந்துவிடும். நானே நின்று அகலப்படுத்தியிருக்கிறேன். திறந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அடுத்த வருஷம் கணக்கெடுக்கப் போனால் சைக்கிள் கட்டத்தில் கோடு போடவே வேலையில்லை. எதிர்க்கரைக்கு மாறிவிட்டார்கள்.

கேள்வி: போன இதழில் கொள்ளிடக் கரையில் போகலாம் என்று எழுதினீர்கள். நம்பிப் போனேன். ஆறு கி.மீ.க்கு அப்புறம் சாலை மணலில் முடிந்தது. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். நீங்கள் கடைசியாக அங்கே எப்போது போனீர்கள்?
– கோபத்தோடு ஒரு வாசகர், அரியலூர் மாவட்டம்

பதில்: நாலு வருஷம் ஆகிறது. தப்பு என்னுடையதுதான். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரமே ஒருநாள் போய்ப் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மிகை இல்லை. லாரி ஓடி ஓடிச் சாலை தூளாகிக் கிடந்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் கண்ணால் பார்த்தும் ஏமாந்திருக்கிறேன். ஏனென்றால் ஆரம்பத்திலேயே அடையாளம் இருந்தது. ஈர மணல் ஏற்றிய லாரி தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், காலையில் தார்ச்சாலை நடுவில் கோடு இழுத்தது மாதிரி ஈரம் தெரியும். திருப்பங்களில் மணல் சிந்தியிருக்கும், அதில் முன்சக்கரம் ஏறினால் வழுக்கிவிடும். மண் ஓரத்தில் இரட்டை டயர்த் தடம் பதிந்திருக்கும். இந்த மூன்றில் இரண்டைப் பார்த்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். நான் திரும்பவில்லை, இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று போய் நானும் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். உங்களுக்கு அது ஓர் ஆறுதலாக இருக்கட்டும்.

இனி இந்தப் பகுதியில் ஒரு வழியைச் சொன்னால் எந்த மாதம் போனேன் என்பதையும் எழுதுகிறேன். தஞ்சாவூர் வாசகருக்கு மேலே சொன்ன சுற்று, போன மாதம் போனது.

கேள்வி: எனக்கு 29 வயது. தனியாக ஓட்டப் பிடிக்கும். ஆனால் ஆள் இல்லாத சாலை என்றால் வேறு பயம். வண்டி இல்லாத சாலை வேண்டும், ஆள் இல்லாத சாலை வேண்டாம். இரண்டும் சேர்ந்து கிடைக்குமா? நாய்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்துவிட்டேன். 31 வருஷம் எண்ணியவன் நான், எண்ணியதெல்லாம் வண்டியைத்தான். என் மகளிடம் காட்டினேன். அவள் திருமணத்துக்கு முன் இதே சாலைகளில் ஓட்டியவள். அவள் சொன்னதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன்.

மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பெண் பிள்ளைகள் எந்த வழியில் சைக்கிளில் வருகிறார்கள் என்று பாருங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள்தான், கூட்டமாக வரும். வேகமான வண்டி வருகிற சாலையில் பெற்றோர் விடமாட்டார்கள். ஆளே இல்லாத சாலையிலும் விடமாட்டார்கள். இரண்டையும் பல குடும்பங்கள் யோசித்து முடிவு செய்த வழி அது. பள்ளி திறக்கும் நேரத்தில் ஒருநாள் பள்ளி வாசலில் நின்று, அவர்கள் வருகிற திசையில் எதிராகப் போய்ப் பாருங்கள்.

நடவு, களையெடுப்பு சமயங்களில் வயலில் பெண்கள் இருப்பார்கள். அந்த மாதங்களில் கரைச் சாலை தனியாகத் தோன்றாது. இரண்டு மூன்று இடத்தில் நின்று பேச்சுக் கொடுத்து வைத்தால், நாலாம் தடவை "என்ன, நேத்து வரலை?" என்று கேட்பார்கள். என் மகள், அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அந்தச் சாலை தன்னுடையது ஆனது என்றாள். மாலையில் டாஸ்மாக் இருக்கிற கூட்டுரோடு பக்கம் போக வேண்டாம், காலை நேரமே நல்லது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இது எனக்கும்தான். நான் சொல்லாமல் போய் வாங்கிய திட்டு நிறைய.

நாய்: ஊர் எல்லையில் துரத்தும், அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடும். வேகமாக மிதித்தால் அதற்கு உற்சாகம்தான் வரும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, "போ" என்று அதட்டிவிட்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கடித்துவிட்டால் சின்னக் கீறல் என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெல்டாவில் சைக்கிள் ஓட்ட எந்த மாதம், எந்தக் கிழமை நல்லது?
– சென்னையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்

பதில்: கிழமை கேட்டீர்களே, நீங்கள் விவரமான ஆள். மாதத்தை விட இங்கே கிழமைதான் முக்கியம். நவக்கிரகங்கள் ஆளுக்கு ஒரு நாள் ஒரு சாலையைப் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு சூரியனார்கோவில், திங்கள் திங்களூர், செவ்வாய் வைத்தீஸ்வரன்கோவில், புதன் திருவெண்காடு, வியாழன் ஆலங்குடி, வெள்ளி கஞ்சனூர், சனி திருநள்ளாறு. அந்தந்த நாளில் அந்தந்தப் பக்கம் வேனும் காரும் வழி தெரியாத டிரைவர்களோடு வரும். திருவையாறு–கும்பகோணம் சாலையில் திங்களூர்ப் பக்கம் செவ்வாய்க்கிழமை போனால் அமைதி, திங்கட்கிழமை போனால் ஹாரன் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு ராகு காலம், திருநாகேஸ்வரம் பக்கம் தலைவைக்க வேண்டாம். முகூர்த்த நாளா என்று காலண்டரிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம்: வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆற்றில் தண்ணீர் ஓட, வயல் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மார்கழிப் பனியில் பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாது. தை மாசியில் அறுவடை. அப்போது சாலையில் பாதி நெல் காயும், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். நெல் மேல் ஏற்றாதீர்கள். வழுக்கும், அதோடு அது ஒருவருடைய சாப்பாடு. சாயங்காலம் நெல்லை அள்ளிவிட்டுக் கல்லை மறந்துவிடுவார்கள், இருட்டில் அதுதான் ஆபத்து. அப்புறம் உளுந்து அறுப்பு. செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டியை ஏறவிட்டு அடிப்பார்கள். உங்கள் கியர் சைக்கிள் அதில் ஏறினால் கொடி சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள். கொள்முதல் நிலையத்தின் முன்னால் லாரி வரிசையாக நிற்கும் மாதங்களும் இவைதான்.

கேள்வி: உங்களுக்கு ஐந்து ஆறு இருக்கிறது, எழுதுகிறீர்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: வாய்க்கால் இருக்கிறதே! கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ. மேட்டு நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். தண்ணீர் மெதுவாக இறங்குகிற சரிவில் உங்களுக்கும் மூச்சு வாங்காது. கரைவழி வளைந்து போவதால் அவசரக்காரன் யாரும் அதில் வரமாட்டான். காலிங்கராயன் வாய்க்கால் இன்னும் பழையது, 13-ம் நூற்றாண்டு. பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். பாம்பு நேராகப் போகாதது சைக்கிள்காரன் அதிர்ஷ்டம். இரண்டிலும் கரை முழுக்கத் தார் இருக்காது. பாலத்துக்குப் பாலம் பிரித்துக்கொண்டு, நல்லா இருக்கிற துண்டுகளை மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: மெல்லிய டயரா, தடித்த டயரா? ஹெல்மெட் போட்டால் கிராமத்தில் சிரிக்கிறார்களே?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தடித்ததே வாங்குங்கள். கருவேல முள் மெல்லிய டயரைப் பார்த்தால் விடாது. பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கைப்பம்பும் இருக்கட்டும், கூடவே ஒரு டியூப். கரையில் ஐந்து கி.மீ.க்கு ஒரு கடை இருக்கும், ஆனால் கடைக்காரர் நடவுக்குப் போயிருப்பார்.

ஹெல்மெட்டுக்கு என்னையும் சிரித்தார்கள். தென்பெரம்பூரில் ஒரு பையன், "தாத்தா, கிரிக்கெட்டா?" என்றான். ஆமாம், பேட்டிங் என்றேன். இப்போது நான் போனால் பந்து போடுகிற மாதிரி கையைச் சுழற்றிக் காட்டுகிறான்.